பாட்டியோடு பேச எந்த மொழி? சிங்கப்பூர்ச் சீன இளைஞர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2019 அக்டோபரில், சீனாவின் பொதுமொழியான மண்டரினைப் பரப்பும் சிங்கப்பூரின் 'மண்டரின் பேசுவோம்' இயக்கத்துக்கு நாற்பதாம் ஆண்டு விழா நடந்தது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அங்கே ஒரு கணக்கைச் சொன்னார். தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் பிள்ளை உள்ள சீனக் குடும்பங்களில் 71 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் அது 42 விழுக்காடு. மண்டரினை வளர்க்க எடுத்த விழாவில் சொல்ல அவ்வளவு இனிப்பான செய்தி இல்லை அது.

42 விழுக்காடாக இருந்த காலத்தில் புத்தகப்பையோடு பள்ளிக்குள் நுழைந்தவர்கள் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள் இருபதுகளில் இருக்கிறார்கள். இந்தத் தலைமுறைதான் இங்கே நம் நிகழ்வு.

மரபுமொழி (முன்னோர் வழியாக வந்த குடும்ப மொழி) பற்றிய ஆய்வுகள் வழக்கமாக ஒரு கேள்வியோடு தொடங்கும்: மொழி எவ்வளவு சரளமோ, இன உணர்வும் அவ்வளவு அழுத்தமா? இன அடையாளத்தை அளப்பதற்கு அமெரிக்க உளவியலாளர் ஜீன் ஃபின்னி 1992-இல் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். ஒரு மொழி பிழைக்குமா என்பதைப் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து பிள்ளைக்கும் அது வீட்டுக்குள் கைமாறுகிறதா என்பதை வைத்தே பார்க்க வேண்டும் என்று ஜோஷுவா ஃபிஷ்மன் 1991-இல் எழுதினார். இரண்டுமே நல்ல கருவிகள். ஆனால் சிங்கப்பூரில் அவற்றை அப்படியே வைத்து அளக்க முடியாது. அங்கே முதலில் தீர்க்க வேண்டிய வழக்கு வேறு. எந்த மொழி இவர்களுடைய மரபுமொழி?

கப்பலில் வந்த மொழிகள்

இந்த இளைஞர்களின் கொள்ளுத் தாத்தாக்கள் தென்சீனத்திலிருந்து வந்தவர்கள். சியாமன், சாங்சோ, சுவான்சோ பக்கத்து ஆட்கள் ஹொக்கியன் பேசினார்கள். சுவாத்தோ துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள் தியோச்சூ பேசினார்கள். காண்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் பேசியவர்களும் வந்தார்கள். ஹொக்கியன்காரர்களே அதிகம், சீனர்களில் ஐந்தில் இரண்டு பங்கு. சந்தை மொழியும் ஹொக்கியன்தான். மலாய்க்காரர், இந்தியர் பலர்கூட அதைக் கொஞ்சம் பேசுவார்கள். அரசு இவற்றைக் 'கிளைமொழிகள்' என்று அழைக்கிறது. ஆனால் காண்டனீஸ் மட்டும் தெரிந்தவருக்கு ஹொக்கியன் பேச்சு புரியாது, ஹொக்கியன்காரருக்கு மண்டரின் புரியாது. எழுத்து பொது என்பதைத் தவிர இவை தனித்தனி மொழிகள் என்றே மொழியியலாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள்.

மண்டரின் யாருடைய வீட்டிலிருந்தும் கப்பல் ஏறி வரவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீனாவின் புதிய கல்வி இயக்கத்தோடு பள்ளிக்கூடம் வழியாக வந்தது. 1957 கணக்கெடுப்பில் மண்டரினைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆனாலும் அதன்மேல் ஒரு பெருமை இருந்தது. நன்யாங் பல்கலைக்கழகத்தை 1950-களில் கட்டி எழுப்பியபோது ரப்பர் வணிகர் டான் லார்க் சை கோடீஸ்வரராகப் பணம் கொடுத்தார். ரிக்‌ஷாக்காரர்கள் தங்கள் ஒருநாள் கூலியைக் கொடுத்தார்கள். தங்கள் வீட்டில் பேசாத ஒரு மொழியில் பிள்ளைகள் படிக்கட்டும் என்று அவ்வளவு பேர் காசு போட்டது சாதாரண விஷயமில்லை. பிறகு அரசியல் புகுந்தது. டான் லார்க் சையின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1980-இல் அந்தப் பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது.

1979 தொடக்கத்தில், அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீயின் கல்வி அறிக்கை வெளிவந்தது. மாணவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் வீட்டில் ஆங்கிலமும் பேசவில்லை, மண்டரினும் பேசவில்லை என்றது அது. அதாவது பிள்ளை காலையில் பள்ளிக்குப் போய் இரண்டு அந்நிய மொழிகளோடு மல்லுக்கட்டிவிட்டு மாலையில் ஹொக்கியனுக்குத் திரும்புகிறது. அப்போதைய பிரதமர் லீ குவான் யூவின் தீர்வு நேரடியானது: ஹொக்கியனை எடுத்துவிட்டால் சுமை குறையும். 1979 செப்டம்பர் 7-இல் இயக்கம் தொடங்கியது. 'மண்டரினை அதிகம் பேசுங்கள், கிளைமொழிகளைக் குறையுங்கள்' என்பது முழக்கம். இதைத் தொடங்கியவரே 1961-இல் ஹொங் லிம் இடைத்தேர்தலில் வாக்குக் கேட்க, வளர்ந்த வயதில் உட்கார்ந்து ஹொக்கியன் கற்றவர் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வேகம் அசாதாரணமானது. ரெடிஃபியூஷன் வானொலியில் காண்டனீஸில் கதை சொல்லி ஊரையே கட்டிப்போட்ட லீ தை சோர் போன்றவர்களின் நிகழ்ச்சிகள் 1982-க்குள் நின்றுபோயின. ஹாங்காங் தொடர்கள் மண்டரின் குரலில் ஒலித்தன. பாட்டிகளுக்குத் தொலைக்காட்சி ஊமைப் படமாகிவிட்டது. ஊர்ப் பெயர்களும் மாறின. நீ சூன் 'யீசூன்' ஆனது. நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த தேக்கா சந்தை, 1980-களில் புதிய கட்டடத்துக்குப் போனபோது 'சூஜியாவ்' ஆனது. சீனர், தமிழர், மலாய்க்காரர் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. 2000-இல் தேக்கா என்ற பெயரையே திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒரு வீட்டுக்குள் மூன்று மொழி

விளைவை மூன்று தலைமுறைகள் சேர்ந்து வாழும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பார்க்கலாம். எண்பதைத் தாண்டிய ஆ மா (ஹொக்கியன் வீடுகளில் அப்பாவின் அம்மாவை அப்படித்தான் அழைப்பார்கள்) பேசுவது ஹொக்கியன். அறுபதை ஒட்டிய அப்பா அவரோடு ஹொக்கியனும், மனைவியோடு மண்டரினும், அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசுகிறார். இருபத்தாறு வயது மகளுக்கு ஆங்கிலம்தான் மூச்சு. மண்டரின் புரியும், பேசினால் திக்கும். ஆ மாவோடு அவளுடைய உரையாடல் 'சாப்பிட்டாயா', 'சாப்பிட்டேன்', 'வேலையா', 'ஆமாம்' என்பதோடு முடிந்துவிடும். இது ஒரு குறிப்பிட்ட குடும்பம் அல்ல; பல வீடுகளின் பொது வார்ப்பு. இப்படியொரு காட்சியைத் தங்கள் வாழ்க்கையிலிருந்து சொல்லாத இளைஞர்கள் அங்கே குறைவு.

கணக்கெடுப்பும் இதையே சொல்கிறது. 1980-இல் சீனக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கிளைமொழிதான் வீட்டுமொழி. 2020-இல் சீனர்களிடையே ஆங்கிலம் 47.6 விழுக்காடு, மண்டரின் 40.2, கிளைமொழிகள் 11.8. நடுவில் 2010-ஐப் பார்க்க வேண்டும்: அப்போது மண்டரின்தான் முதலிடம், 47.7 விழுக்காடு. ஹொக்கியன் இருந்த இடத்தை மண்டரின் பிடித்தது, அது பிடித்த இடத்தை ஆங்கிலம் பிடித்துக்கொண்டிருக்கிறது. இயக்கம் தன் வேலையைக் கச்சிதமாகச் செய்தது, அறுவடை இன்னொருவருக்குப் போனது என்பதுதான் என் வாசிப்பு. பாட்டியின் மொழி இல்லாமலும் வாழலாம் என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தால், அதே பாடத்தை அடுத்த தலைமுறை மண்டரினுக்கும் போட்டுப் பார்க்காதா?

மண்டரினைத் திணிக்கப்பட்டது என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடவும் முடியாது. 1980-களில் பதின்ம வயதினர் பள்ளிகளில் கித்தார் எடுத்துத் தாங்களே மண்டரினில் பாட்டு எழுதிப் பாடினார்கள். 'சின்யாவ்' என்ற அந்தப் பாட்டு அலை யாரும் உத்தரவு போட்டு வந்ததில்லை. அந்தத் தலைமுறை பெற்ற பிள்ளைகளில் பலருக்கு மண்டரின் உண்மையிலேயே அம்மா தாலாட்டிய மொழி. இரவல் வாங்கியதாகவே இருந்தாலும், ஒரு தலைமுறை அதில் கோபித்து, கொஞ்சி, அழுதுவிட்டால் அது சொந்தமாகிவிடுகிறது. ஆக இன்றைய இளைஞர்களில் ஒரு பகுதிக்கு மண்டரின் அம்மாவின் மொழி, இன்னொரு பகுதிக்கு அது வெறும் பரீட்சை.

பரீட்சை என்பது இங்கே கனமான சொல். சிங்கப்பூர்ப் பள்ளியில் 'தாய்மொழி'ப் பாடம் கட்டாயம், அது எந்த மொழி என்பதை வீட்டுப் பேச்சைக் கேட்டு முடிவு செய்வதில்லை, பெரும்பாலும் இனப் பதிவுதான் முடிவு செய்கிறது. ஆங்கிலம் பேசும் வீட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு, சீனப் பள்ளியில் மட்டுமே படித்த ஆசிரியர்கள், ஆங்கிலம் கலக்காமல், சொல்வதை எழுதுதல், மனப்பாடமாக எழுதுதல் என்று ஆரம்பத்திலிருந்தே அழுத்தினார்கள். 2009 நவம்பரில் லீ குவான் யூவே அதைத் தவறான தொடக்கம் என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகள் கடைசித் தேர்வு முடிந்த மறுநாளே புத்தகத்தை மூடிவிட்டிருந்தார்கள். தேர்வு பயத்தோடு ஒட்டிக்கொண்ட மொழியைப் பிறகு நெஞ்சுக்குள் வைத்துக்கொள் என்றால் எப்படி?

'உருளைக்கிழங்கு', 'ச்சீனா'

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் தவறவிடுவது சீன இளைஞர்களுக்குள்ளேயே ஓடும் பிளவை. மண்டரின் தெரியாமல் ஆங்கிலத்திலேயே மிதப்பவரை 'ஜியாக் கந்தாங்' என்பார்கள். சோற்றுக்குப் பதில் உருளைக்கிழங்கு தின்கிறவன் என்று கேலி. மறுபக்கம், மண்டரின் பாட்டும் மண்டரின் பேச்சுமாக இருப்பவரை ஆங்கில வீட்டுப் பிள்ளைகள் 'ச்சீனா' என்பார்கள். கொஞ்சம் பட்டிக்காடு என்று பொருள் தொனிக்கும். இரண்டு வசவுகளும் சீனர்கள் சீனர்களுக்கே கொடுப்பவை.

இதில் வர்க்கம் இருக்கிறது. ஆங்கிலம் வீட்டுமொழியாவது படிப்பும் வருமானமும் கூடிய குடும்பங்களில் அதிகம், தனியார் குடியிருப்புகளில் இன்னும் அதிகம். நன்யாங்கில் படித்த தலைமுறைக்கு வேலைச் சந்தையில் நேர்ந்த பின்னடைவைப் பார்த்து வளர்ந்த பெற்றோர்கள், எந்த மொழி சோறு போடும் என்று தெளிவாகக் கணக்குப் போட்டார்கள். 1987-இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழியாகிவிட்டது. பிறகு சீனா பணக்கார நாடாகி, மண்டரினுக்குத் தொழில் மதிப்பு ஏறியபோது, அதே பெற்றோர் டியூஷனுக்கு ஓடினார்கள். மரபு என்ற பேச்சு அரசாங்க மேடையில்தான் அதிகம் கேட்டது. வீட்டில் கேட்டது மதிப்பெண்.

ஹொக்கியன் முழுக்க மறைந்துவிட்டதா என்றால் இல்லை, அது சிங்கப்பூரின் பேச்சு ஆங்கிலமான சிங்கிலிஷுக்குள் குடியேறிவிட்டது. 'கியாசு' (பிறர் முந்திவிடுவாரோ என்ற பதற்றம்), 'பைசே', 'சியான்', 'போ ஜியோ' எல்லாம் ஹொக்கியன். 'கியாசு' 2007-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ளேயே போய்விட்டது. கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்குப் போகும் பையன்கள் வீட்டில் கற்காத ஹொக்கியனைப் படைமுகாமில், முதலில் கெட்ட வார்த்தைகளாக, கற்றுக்கொள்கிறார்கள். மலாய், தமிழ்ப் பையன்களும் சேர்ந்தே கற்கிறார்கள். அதனால் இன்று ஹொக்கியன் சீனர் என்பதற்கான அடையாளத்தைவிட, சிங்கப்பூரர் என்பதற்கான அடையாளமாகிவிட்டது.

மொழி இல்லாமல் நிற்கும் இனம்

சரி, மொழி இப்படி ஆட்டம் கண்ட பிறகு 'நான் சீனர்' என்ற உணர்வு தேய்ந்ததா? தேயவில்லை என்றே சொல்ல வேண்டும். அதற்கு முதல் காரணம் உணர்ச்சி சார்ந்தது அல்ல, நிர்வாகம். அடையாள அட்டையில் இனம் அச்சாகியிருக்கிறது. 1989 முதல் வீவக வீடு வாங்குவதில் இன ஒதுக்கீடு உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதச் சம்பளத்திலேயே இனவாரி உதவிக் குழுவுக்கு ஒரு சிறு தொகை பிடிக்கப்படுகிறது. மக்கள்தொகையில் முக்கால் பங்கு சீனர்கள். மண்டரினில் ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராதவரும் இந்தப் பதிவேட்டில் முழுச் சீனர்தான்.

இரண்டாவது காரணம் சடங்கு. உறவுமுறைப் பெயர்கள்தான் கடைசிவரை கிளைமொழியில் நிற்கின்றன. ஆங்கிலத்திலேயே கனவு காண்கிற பெண்ணும் பெரியப்பாவை 'துவா பெக்' என்பாளே தவிர 'அங்கிள்' என்று சொல்லமாட்டாள். தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு குடும்பச் சாப்பாடு, அங்பாவ் என்ற சிவப்பு உறைப் பணம், ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்காகத் திறந்தவெளியில் நடக்கும் கெத்தாய்ப் பாட்டு மேடைகள், ஏப்ரலில் சிங்மிங் கல்லறை வழிபாடு என்று ஆண்டு ஓடுகிறது. கிறிஸ்தவரான குடும்பங்களில் ஊதுபத்தி இருக்காது, ஆனால் குடும்பச் சாப்பாட்டை யாரும் விடுவதில்லை.

கல்லறை என்றதும் புக்கிட் பிரவுனைச் சொல்லாமல் போக முடியாது. 1922-இல் திறந்து 1973-இல் மூடப்பட்ட இந்தச் சீன மயானத்தில் சுமார் ஒரு லட்சம் கல்லறைகள். 2011-இல் அதன் குறுக்கே ஒரு சாலை வரும் என்று அரசு அறிவித்தது. சுமார் 4,000 கல்லறைகள் தோண்டப்பட்டன. அதை எதிர்த்தும், போவதற்குள் பதிவு செய்துவிடவும் திரண்டவர்களில் ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் நிறைய. வார இறுதியில் காட்டுக்குள் நடந்து, கல்வெட்டுகளைத் துடைத்து, படம் எடுத்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டினார்கள். கல்வெட்டில் பொறித்திருப்பது பழைய முழு வடிவ எழுத்து. பள்ளியில் படித்ததோ 1970-களில் சிங்கப்பூர் ஏற்றுக்கொண்ட எளிதாக்கிய எழுத்து. ஆக, ஒழுங்காகச் சீனம் படித்தவருக்கே தன் கொள்ளுத் தாத்தாவின் கல்லை வாசிக்க உதவி வேண்டியிருந்தது. பெயருக்கு மேலே தாத்தா விட்டுவந்த ஊர் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த ஊர்ப் பெயரைத் தேடிப் பிடித்துத்தான் பலர் தாங்கள் ஹொக்கியனா, தியோச்சூவா, எந்த மாவட்டம் என்று உறுதிப்படுத்திக்கொண்டார்கள். சில பணக்காரக் கல்லறைகளுக்கு இருபுறமும் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர் சிலைகள் நிற்கும். இது சீனாவில் இருக்கும் மயானம் அல்ல என்பதை அந்தச் சிலைகளைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

மூன்றாவது காரணம் சீனாவிலிருந்தே வந்தது. 1990-களுக்குப் பிறகு சீனாவிலிருந்து புதிய குடியேறிகள் வரத் தொடங்கினார்கள். ஒரே இனம், ஒரே மண்டரின், நன்றாக ஒட்டிக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. நடந்தது வேறு. 2011-இல் ஒரு செய்தி வெளிவந்தது: சீனாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறிக்குழம்பு வாசனையைப் பொறுக்க முடியாமல் புகார் செய்தது, சமரச மையத்தில், அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் இவர்கள் குழம்பு வைப்பது என்று பேசி முடிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நடந்து முடிந்த விவகாரம்தான். ஆனாலும் ஊர் கொதித்தது. ஆகஸ்ட் 21 அன்று எல்லோரும் கறி சமைப்போம் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு விடுக்க, பல்லாயிரம் பேர் கைதூக்கினார்கள், அவர்களில் சீனர்களும் ஏராளம். தன்னைவிட நல்ல மண்டரின் பேசுகிறவர் முன்னால் சிங்கப்பூர்ச் சீன இளைஞர் தன்னை அடையாளம் காட்ட எடுத்தது மண்டரினை அல்ல, மசாலாவை.

இந்தோனேசியாவைப் பக்கத்தில் வைத்தால் படம் இன்னும் தெளியும். சுகார்த்தோ ஆட்சியில் 1966 முதல் சீனப் பள்ளிகள் மூடப்பட்டன, பெயர்களை இந்தோனேசியப் பெயர்களாக மாற்றச் சொன்னார்கள், சீன எழுத்தும் பொதுவெளிச் சீன விழாக்களும் தடுக்கப்பட்டன. முப்பதாண்டுகளில் ஜகார்த்தாவின் சீன இளைஞர்களில் பெரும்பாலோருக்குச் சீன மொழி பேசத் தெரியாமல் போனது. 1998 மே கலவரத்தில் சீனர்களின் கடைகளை எரித்தவர்கள் யாரிடமும் மொழித்தேர்வு நடத்தவில்லை. மொழி போனால் அடையாளமும் கரைந்துவிடும் என்ற நம்பிக்கையை ஒடுக்குகிறவர்களும் வைத்திருந்தார்கள், காப்பாற்றுகிறவர்களும் வைத்திருந்தார்கள். இரு தரப்புக்கும் அது பலிக்கவில்லை.

பக்கத்து வகுப்பறையில் தமிழ்

அதே பள்ளியின் பக்கத்து அறையில் தமிழ்ப் பிள்ளையும் தாய்மொழிப் பாடம் படிக்கிறது. தமிழை வீட்டில் அதிகம் பேசுவோர் 2020-இல் மொத்தக் குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. கடைசித் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியான உமறுப் புலவர் பள்ளி 1982-இலேயே மூடப்பட்டது. எண்ணிக்கையில் நம் நிலைமை மோசம். ஆனால் ஒரு விஷயத்தில் தமிழ்ப் பிள்ளை அதிர்ஷ்டக்காரர்: பள்ளி கற்பிக்கும் மொழியும் பாட்டியின் மொழியும் ஒன்று. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடைவெளி உண்டுதான். அதைக் குறைக்க, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று 2005-இல் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தது. சீனப் பிள்ளைக்கு அப்படி ஒரு பாலம் போட வழியே இல்லை. மண்டரினில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் ஹொக்கியன் மட்டுமே தெரிந்த ஆ மாவிடம் அது செல்லாது.

அதனால் இந்தத் தலைமுறையை ஆராய்கிறவர்கள் 'எவ்வளவு நன்றாகப் பேசுவாய்' என்று கேட்பதைவிட 'யாரோடு பேசுவாய்' என்று கேட்பது நல்லது. 2020 கணக்கெடுப்பிலேயே இதற்கு ஒரு துப்பு இருக்கிறது. வீட்டில் ஆங்கிலம்தான் அதிகம் என்று சொன்ன எல்லா இனத்தவரிலும் சுமார் 87 விழுக்காட்டினர் இரண்டாவதாக இன்னொரு மொழியும் வீட்டில் பேசுவதாகச் சொன்னார்கள். ஆங்கிலம் வந்துவிட்டது, ஆனால் வீடு இன்னும் ஒருமொழி வீடாகிவிடவில்லை.

திரும்பி வருவது எந்த ஹொக்கியன்?

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அரசின் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. 2014-இல் முன்னோடித் தலைமுறைக்கான மருத்துவச் சலுகைகளை முதியவர்களுக்குப் புரிய வைக்க அரசே கிளைமொழிகளில் விளம்பரம் எடுத்தது. 2016-இல் முதியவர்களுக்காக ஹொக்கியனில் ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. மருத்துவம் படிக்கிற மாணவர்கள் நோயாளியிடம் 'எங்கே வலிக்கிறது' என்று கேட்க ஹொக்கியன் கற்கிறார்கள். 1840-இல் தொடங்கிய ஹொக்கியன் ஹுவே குவான் போன்ற குலமரபுச் சங்கங்கள் வகுப்பு நடத்துகின்றன. வந்து உட்காருகிறவர்களில் இருபது, முப்பது வயதுக்காரர்களும் இருக்கிறார்கள்.

அவர்களுக்குப் பாடப் பொருள்தான் தட்டுப்பாடு. நாற்பதாண்டு வானொலியும் தொலைக்காட்சியும் இல்லாமல் போன மொழியில் உள்ளூர்ச் சரக்கு எங்கிருந்து வரும்? ஆகவே தைவானைப் பார்க்கிறார்கள். அங்கே ஹொக்கியனின் உடன்பிறப்பான தைவானிய மொழிக்கு அகராதி உண்டு, பாடநூல் உண்டு, 2019-இல் தொடங்கிய தனித் தொலைக்காட்சி அலைவரிசையும் உண்டு. சுத்தமான, ஒழுங்கான பாடங்கள். சிங்கப்பூர் ஆ மாவின் ஹொக்கியனோ மலாய்க்காரர்களோடு நூறாண்டு சந்தையில் புழங்கியது. அவர் போலீஸை 'மாத்தா' என்பார், பிடித்திருக்கிறது என்பதற்கு 'சுக்கா' என்பார், சந்தையைப் 'பாசாட்' என்பார். தைவான் பாடத்தில் இவை கிடையாது. மலேசியாவின் பினாங்கில் கேட்கலாம், அங்கேயும் இளைஞர்கள் மண்டரினுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். தைவான் பாடத்தை முடித்துவிட்டு வரும் பேத்தி போலீஸைப் பற்றி ஏதாவது சொன்னால், ஆ மா 'மாத்தாவா?' என்று திருப்பிக் கேட்பார். அதற்கு ஆமாம் என்று சொல்லத் தெரிய, அவர் இருக்கும்போதே கேட்டு வைத்திருக்க வேண்டும்.